ஆடியில் தேறியது, தையில் தவறியது

ஆடி மாதத்தில் என் கணினி எல்லாச் சோதனைகளிலும் தேறியது. தை மாதத்தில், ஓர் எண்ணைக்கூட மாற்றாத அதே கணினி, இரண்டு மணி நேர வேலைக்குள் தவறியது. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே தை பனிக்காலம். இங்கே மொரிசியஸில் ஆடி குளிர்காலத்தின் நடுப்பகுதி, தைப்பூசக் காவடி எடுக்கும் நாளோ கோடையின் உச்சி. சில்லின் கடிகார வேகத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் ஏற்றுகிற ஓவர்கிளாக்கிங் பற்றிப் பேச்சு வந்தால் எவ்வளவு வேகம் கிடைத்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எந்த மாதத்தில், எத்தனை டிகிரி வெப்பமுள்ள அறையில் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் இருந்தவன்தான் என்பதால், ஓராண்டுக்கு மேலாகச் செய்து பார்த்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன்.

என் வீடு காத்ர் போர்னில் இருக்கிறது. 2021இல் வாங்கிய கணினி கோர் த கார்ட் மலை தெரியும் சன்னலை ஒட்டிய மேசைக்கடியில் இருக்கிறது. ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) கொண்ட ரைசன் 5 5600எக்ஸ் செயலி, 12 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டை, பி550 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 650 வாட் பவர் சப்ளை. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். அவர்களுக்கான பாடக் காணொளிகளையும், மலைக்கோவில் திருவிழாப் பதிவுகளையும் இதில்தான் தொகுக்கிறேன். ஒரு மணி நேரப் பதிவை இரைச்சல் நீக்கி, நிறம் சரிசெய்து ஏற்றுமதி செய்ய நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். புதிதாக வாங்கலாமே என்றால், இந்தத் தீவுக்கு வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் கப்பல் அல்லது விமானக் கட்டணமும் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்கின்றன. ஒரு பாகம் கெட்டுவிட்டால் மாற்று வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். கையிலிருப்பதை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டவேண்டும், ஆனால் எதையும் எரித்துவிடக் கூடாது என்ற இரண்டு விருப்பங்களும் எனக்கு இதே காரணத்தால்தான் வந்தன.

ஒரு காலத்தில் இது எளிதாகவும் இலாபமாகவும் இருந்தது. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மதர்போர்டோடு தரவைப் பரிமாறும் தடமான பஸ்ஸின் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை 4.5ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தச் சில்லுக்கு, பஸ் வேகத்தை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. விலை குறைந்த செயலி ஒரே மாற்றத்தில் விலை உயர்ந்த செயலியின் வேகத்தில் ஓடியது. இன்று அப்படி ஒரு பாதி விலைக்குப் பாதி வேகம் கூடுதலாகக் கிடைக்கும் இடைவெளி எங்கும் இல்லை. என் 5600எக்ஸ் 3.7 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகமுள்ளது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானாகவே 4.6 வரை ஏறிக்கொள்கிறது. கிராபிக்ஸ் அட்டையும் அவ்வாறே. நாம் ஓவர்கிளாக் செய்யத் தொடங்கும் முன்பே சில்லு தன்னைத்தானே ஓவர்கிளாக் செய்துகொண்டு நிற்கிறது. நமக்கென்று எஞ்சியிருப்பது சில சதவீதம் மட்டுமே. இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால் பேராசை வராது.

அந்தச் சில சதவீதத்துக்கு நாம் கொடுக்கும் விலையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். சில்லு இயங்கும்போது செலவிடும் மின்திறன், கடிகார வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தை 5 சதவீதம் உயர்த்த மின்னழுத்தத்தையும் 5 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தால், 1.05ஐ மூன்று முறை பெருக்கவேண்டும்; விடை 1.158. ஐந்து சதவீத வேகத்துக்குப் பதினாறு சதவீத வெப்பம். இரண்டையும் பத்துப் பத்தாக உயர்த்தினால் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இது மின்சுற்று மாறிமாறி இயங்குவதால் வரும் செலவு மட்டும். சூடாகச் சூடாக டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்னோட்டம் இதற்கு மேல் வரும்.

சில்லின் ஆயுளும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளில் அடர்த்தியான மின்னோட்டம் ஓடும்போது அணுக்கள் மெதுவாக இடம்பெயர்கின்றன; ஓரிடத்தில் குழி விழுகிறது, இன்னோரிடத்தில் மேடு எழுகிறது. எலக்ட்ரோமைகிரேஷன் எனப்படும் இந்தத் தேய்மானத்துக்கு 1960களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிளாக் என்பவர் கொடுத்த சமன்பாடு, வெப்பநிலை கூடும்போது கம்பியின் ஆயுள் அடுக்குக்குறி முறையில் சரிகிறது என்று காட்டுகிறது. ஏட்டில் உள்ள அச்சம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலேயே நிலைகுலைந்தன. செயலி தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியதே காரணம் என்று இன்டெலே அறிவித்து, 2024 ஆகஸ்டில் செயலியின் உள்நிரலான மைக்ரோகோட்டுக்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ரைசன் 7000 வரிசையில் சில எக்ஸ்3டி செயலிகள் சாக்கெட்டிலேயே கருகின. அதன்பின் செயலிக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி முதலியவற்றுக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. தயாரித்தவர்களுக்கே மின்னழுத்தத்தில் கை தவறியிருக்கிறது. வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் மின்னழுத்தத்தை உயர்த்தவே போவதில்லை, வேண்டுமானால் குறைப்பேன் என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டேன். இதில் இன்றுவரை மாற்றமில்லை.

எண்களைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் வேறு வேலைகளில் போயிற்று. பெட்டியைத் திறந்து பார்த்தபோது வெப்பக்கடத்தித் தகடுகளின் இடையே மூன்றாண்டுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. தூரிகையால் அதை எடுத்து, பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசி, செயலியோடு பெட்டியில் வந்த சிறிய கூலருக்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள உயரமான கூலரைப் பொருத்தினேன். இந்த ஒன்றிலேயே முழுச்சுமை வெப்பநிலை 14 டிகிரி இறங்கியது. சில்லு தானாகவே கூடுதல் வேகத்தில் ஓடத் தொடங்கியது. பணமும் உழைப்பும் கொஞ்சமாகவே உள்ளவர்கள் இங்கேயே நின்றுவிட்டாலும் நட்டமில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டில் நகலெடுத்தேன். நிலையில்லாத ரேம், திரையை உறையவைப்பதோடு நிற்காது. நாம் சேமிக்கும் கோப்பையே ஓசையில்லாமல் கெடுத்துவிடும். பிறகு எந்த மாற்றமும் செய்யாத கணினியின் நிலையை ஒரு பள்ளி நோட்டில் குறித்தேன்: செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 நிரலின் மதிப்பெண், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு நிரல் காட்டிய வெப்பநிலைகள், வாட் அளவு, விசிறியின் சுழற்சி, ஏற்றுமதிக்கு ஆன நேரம். அறையின் வெப்பநிலைக்கு மட்டும் அப்போது ஒரு பத்தி ஒதுக்கத் தோன்றவில்லை. பயாஸில், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலில், தவறான எண்ணைப் போட்டுக் கணினி எழாமல் போனால் மீட்பதற்காக, அந்த எண்களைச் சேமித்து வைக்கும் சிமாஸ் நினைவகத்தை அழிக்கும் இரு ஊசிகள் மதர்போர்டில் எங்கே இருக்கின்றன என்றும் பார்த்து வைத்துக்கொண்டேன். அது கைக்கெட்டாவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு சிஆர்2032 பொத்தான் மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தாலும் போதும். உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் செய்தவை எல்லாம் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்கு வெளியே செயலியை ஓட்டுவதாகவே கணக்கில் வரும். உத்தரவாதக் காலம் முடிந்த கணினி என்பதால்தான் துணிந்தேன்.

ரேமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3600 என்று எழுதி விற்கப்பட்ட என் ரேம், மூன்று ஆண்டுகளாக 2666இல்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஏனெனில் ரேமை அதன்மேல் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு பயாஸில் இயக்கப்படவில்லை. அதை இயக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலில் நான்கு சுற்று பிழையின்றி முடிந்ததும் அதை விட்டுவிட்டேன்.

செயலிக்கு வந்தேன். எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் பூட்டிவைக்கும் பழைய முறை இந்தச் சில்லுக்குப் பொருந்தாது. ஒரு கோர் மட்டும் வேலைசெய்யும்போது கிடைக்கும் உச்சவேகம் அதில் பறிபோய்விடும். அதனால், சில்லு தானாக ஏறும் எல்லைகளை மட்டும் மாற்றும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் என்ற ஏஎம்டி வசதி வழியாகவே போனேன். 76 வாட்டாக இருந்த சாக்கெட் மின்திறன் எல்லையை 88 ஆக்கினேன். வெப்ப எல்லையை 95 டிகிரியிலிருந்து 85க்கு இறக்கினேன். உயர்த்துபவர்கள் உண்டு, நான் இறக்கினேன். அதன்பின் கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று சில்லுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது. அந்தக் கோட்டை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகக் கீழே இறக்க இந்த வசதி உதவுகிறது. ஓர் அலகு என்பது ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட். மின்னழுத்தம் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் சில்லு தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். குறைத்துக் கூட்டுகிற இந்த முறை என் முடிவுக்கு ஒத்து வந்தது.

எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10, பிறகு 15, பிறகு 20 என்று மூன்று நாட்களில் இறங்கினேன். பிரைம்95 இரவு முழுவதும் ஓடியது. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அந்த நிரல், தன் கணக்கின் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்வதால், செயலி ஓரிடத்தில் தவறினாலும் உடனே பிழை என்று நிறுத்திவிடும். ஒரு பிழையும் வரவில்லை. மைனஸ் 25க்குப் போனேன்; அதிலும் தேறியது. சினிபெஞ்ச் மதிப்பெண் 11,000இலிருந்து 11,650க்கு ஏறியது. மிகவும் நிறைவாக இருந்தது.

நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு, ஒரு வேலையும் நடக்காதபோது, கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. திரையில் திறந்திருந்தது ஓர் எழுத்துக்கோப்பு மட்டும், விசிறிகள்கூட அடங்கியிருந்தன. பவர் சப்ளைதான் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தபோது அங்கே டபிள்யூஹெச்இஏ-லாகர், எண் 18 என்று ஒரு சிவப்பு வரி இருந்தது. அது செயலியே தன்னிடம் மீளமுடியாத பிழை நேர்ந்ததாகச் சொல்லும் வரி. அதன் விவரத்தில், பிழை நேர்ந்த இடத்தின் எண்ணாக, ஏபிஐசி ஐடி 4 என்றிருந்தது. ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைத்தொடர்களை, அதாவது இழைகளை, ஓட்டும் என்பதால் அந்த 4ஐ இரண்டால் வகுத்து, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் கோர் வந்தது.

இது எனக்குக் கற்பித்தது அதிகம். ஆறு கோர்களும் மூச்சுமுட்ட வேலைசெய்யும்போது சில்லு 4.3, 4.4 கிகாஹெர்ட்ஸில்தான் நிற்கிறது. அந்த வேகத்தில் குறைந்த மின்னழுத்தம் போதும். சும்மா இருக்கும் கணினியில், திரையில் நேரத்தைப் புதுப்பிப்பது போன்ற ஒரு துளி வேலை வந்தால், ஒரே ஒரு கோர் நொடியில் சிறு பங்குக்கு 4.6க்கு மேல் தாவிவிட்டுத் திரும்புகிறது. கோட்டின் அந்த உச்சி முனையில்தான் என் இரண்டாம் கோருக்கு மின்னழுத்தம் போதவில்லை. பெருஞ்சுமையில் தேறிய செயலி சும்மா இருக்கும்போது விழுவது இதனால்தான். மேலும், சில்லு எந்தக் கோரைச் சிறந்தது என்று தேர்ந்து உச்சவேகத்துக்கு அனுப்புகிறதோ, அதற்கு ஏற்கெனவே குறைந்த மின்னழுத்தமே கொடுக்கப்பட்டிருக்கும். அதில் மேலும் குறைக்க இடம் சிறிதுதான். என் இரண்டாம் கோர் அப்படிப்பட்டது. அதன்பின் ஒரு கோரை மட்டும் மாற்றி மாற்றிச் சோதிக்கும் கோர்சைக்கிளர் என்ற நிரலை இரவுதோறும் ஓடவிட்டு, பன்னிரண்டு இரவுகளில் ஆறு கோர்களுக்கும் தனித்தனி எண் கண்டுபிடித்தேன். இரண்டாம் கோருக்கு மைனஸ் 8, ஐந்தாம் கோருக்கு மைனஸ் 24, மற்றவை இடையில்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். மின்னழுத்தம் மிகக் குறைந்தால் சில்லு எப்போதும் விழுந்துவிடுவதில்லை. சிலவேளை கடிகாரத் துடிப்பை நீட்டிச் சமாளித்துக்கொள்ளும். திரையில் 4.6 என்று காட்டும், உண்மையில் அதைவிடக் குறைவாக ஓடும். எச்டபிள்யூஇன்ஃபோவில் செயலுறு வேகம் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. முழுச்சுமையில் அதையும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்காதவர்கள் வெறும் எண்ணைக் கண்டு ஏமாற நேரும்.

கிராபிக்ஸ் அட்டை இன்னும் வேறு குணமுள்ளது. அட்டையின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் நிரலில் கோர் வேகத்தைப் பதினைந்து மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றினேன், ஏனெனில் அட்டையே பதினைந்து பதினைந்தாகத்தான் ஏறி இறங்குகிறது. 120 வரை ஒழுங்காக ஓடியது. 150இல் திரை கறுத்து, இரண்டு மூன்று நொடியில் திரும்பி வந்தது. அட்டை இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை, அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளை, மீளத் தொடங்கும். பதிவேட்டில் அது எண் 4101 என்று விழும். 105க்கு இறங்கி நின்றேன். அட்டையின் நினைவகம் 7500 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. நூறு நூறாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் சூப்பர்பொசிஷன் என்ற கிராபிக்ஸ் சோதனை நிரலின் மதிப்பெண்ணை நோட்டில் எழுதினேன். 900 வரை மதிப்பெண் ஏறியது. 1,100இல் திரையில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் மதிப்பெண் 1,000இல் இருந்ததைவிடக் குறைந்தது. தரவு தவறிப்போய்த் திரும்ப அனுப்பப்படும்போது வேகம் இப்படித்தான் சரியும். கண்ணுக்குத் தெரியாத பிழையை மதிப்பெண் காட்டிக்கொடுக்கிறது. 800இல் நிறுத்தினேன். ஆடி மாதக் கடைசி வாரம் அது. இரவில் கம்பளி போர்த்திக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரச் சோதனை, ஒரு தவறும் இல்லை. அமைப்பைச் சேமித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நோட்டை மூடினேன்.

ஐந்து மாதங்கள் ஒரு குறையுமின்றி ஓடியது. தை மாதத்தில், மலைக்கோவில் காவடிப் பதிவை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன். மாலையில் மழை பிடித்துக்கொண்டதால் சன்னலைச் சாத்திவிட்டேன். காற்றில் ஈரம், அறையில் புழுக்கம். ஏற்றுமதி நின்றுபோகவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை. மறுநாள் காணொளியைப் பார்த்த அக்காதான் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, அந்தச் சின்னப்பெண் பால்குடம் தூக்கிக்கிட்டு படியேறும்போது பக்கத்துல பச்சையா ஏதோ மின்னுதே, அது என்ன விளக்கா?" அந்த இடத்தைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். குடத்துக்கு வலப்புறம், மஞ்சள் சேலையின் மேல், நகக்கண் அளவில் ஒரு பச்சைச் சதுரம். ஒரே ஒரு பிரேம். மொத்தப் பதிவையும் அப்படித் தேடியதில் இன்னும் ஆறு இடங்கள் கிடைத்தன.

சந்தையில் வாங்கிய ஒரு சுவர் வெப்பமானியை அன்றைக்கே மேசைக்கு மேலே மாட்டினேன். சன்னல் சாத்திய அறை, கணினி ஓடும்போது 31 டிகிரி காட்டியது. ஆடி இரவுகளில் அதே அறை 19க்கு மேல் போயிருக்காது. வெப்பக்கடத்தி, அறைக் காற்றுக்கும் தனக்கும் உள்ள வேறுபாட்டால்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதே வாட் அளவுக்கு அதே வேறுபாடு வேண்டும். அறை பன்னிரண்டு டிகிரி ஏறினால் உள்ளே இருப்பவை எல்லாம் குறைந்தது பன்னிரண்டு டிகிரி ஏறத்தான் செய்யும். சூடேறிய சில்லில் டிரான்சிஸ்டர்கள் சற்று மந்தமாகின்றன, கசிவு கூடுகிறது, அந்தக் கசிவு மேலும் சூட்டைத் தருகிறது. கோர் வேகத்தை அட்டை தானாகவே படிப்படியாக இறக்கித் தற்காத்துக்கொண்டது. நினைவகத்துக்கு நான் கொடுத்த 800 மட்டும் அப்படியே பூட்டி நின்றது. குளிரில் நூலிழை இடைவெளியில் தேறியது, புழுக்கத்தில் தேறவில்லை. ஓசிசிடி நிரலின் கிராபிக்ஸ் நினைவகச் சோதனையை அந்த 31 டிகிரியிலேயே ஓட்டினேன். இருபது நிமிடத்தில் 43 பிழைகளை எண்ணிக் காட்டியது. 600இலும் இரண்டு பிழைகள். 400இல் இரண்டு மணி நேரம் ஓடியும் பூஜ்யம். ஒரு படி கூடுதலாக இறக்கி 300இல் வைத்தேன்.

அப்போதுதான் அட்டையின் முழுப் போக்கையும் மறுபடி யோசித்தேன். ஆஃப்டர்பர்னரின் வளைகோட்டுத் திருத்தியைத் திறந்து, 0.875 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி கோட்டைத் தட்டையாக்கி, அந்த இடத்தில் 1,845 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தினேன். 170 வாட் இழுத்த அட்டை 130 வாட் அளவில் அதே வேலையைச் செய்தது. வேக இழப்பு இரண்டு சதவீதத்துக்குள். பெட்டிக்குள் 40 வாட் குறைந்ததால் செயலிக்கும் குளிர்ந்த காற்று கிடைத்து, அது இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது. விசிறி ஓசை அடங்கியதால் பாடங்களுக்குக் குரல் பதிவு செய்யும்போது கணினியை அணைக்கத் தேவையில்லாமல் போனது. ஓவர்கிளாக் செய்ய உட்கார்ந்த எனக்கு, மின்னழுத்தத்தைக் குறைத்ததில்தான் பெரும்பயன் கிடைத்தது. ஏற்றுமதி நேரம் 42 நிமிடத்திலிருந்து 39க்கு வந்திருக்கிறது. சின்ன இலாபம்தான், ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கிற இலாபம்.

ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என்று இரண்டு அமைப்புகள் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் திடீரென்று வெயில் அடிக்கும், அன்றைக்கு மாற்ற மறந்துவிடுவேன். புயல் எச்சரிக்கை வந்து சன்னல்களை அடைத்துவிட்டால் குளிர்மாதமல்லாத எந்த நாளிலும் அறை சூடாகும். எச்சரிக்கை உயரத் தொடங்கியதும் கணினியை அணைத்து, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மின்சாரம் போய்ப் போய் வருவதை எந்தச் சில்லும் விரும்பாது. மற்ற நாட்களுக்குக் கோடையில் தேறிய அமைப்பு ஒன்றே போதும். குளிர்காலத்தில் அது தரக்கூடிய இரண்டு சதவீதத்தை நான் கேட்கவில்லை.

போர்ட் லூயியில் இருக்கும் என் சித்தப்பா மகன், அதே செயலியும் அதே அட்டையும் வைத்திருப்பவன், இந்த எண்களைக் கேட்டுப் போன மாதம் அழைத்தான்.

"அண்ணா, உங்க எண்களை அப்படியே அனுப்புங்க, நானும் போட்டுக்கிறேன்."

"அனுப்புறேன் தம்பி, ஆனா போடாதே. உன் அறையில வெப்பமானி இருக்கா, அதை முதல்ல சொல்லு."

இல்லை என்றான். காத்ர் போர்ன் மேட்டுநிலத்தின் சரிவில் இருக்கிறது. அவன் இருப்பது கடல்மட்டத்தில், மலைகள் காற்றை மறைக்கும் ஊரில். என் வீட்டைவிட அங்கே வெப்பம் எப்போதும் கூடுதல். சில்லும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே தட்டில் வார்த்த இட்லிகளில்கூட நடுவில் இருப்பது ஒரு மாதிரி, ஓரத்தில் இருப்பது ஒரு மாதிரி வேகும். அவன் தன் கணினியில் மூன்று வாரம் சோதித்தபோது, என்னுடைய இரண்டாம் கோர் மைனஸ் 8க்கு மேல் தாங்காத இடத்தில் அவனுடையது மைனஸ் 22 தாங்கியது. ஆனால் அவன் அட்டையின் நினைவகம் 200ஐக்கூடத் தாங்கவில்லை. இப்போதைக்கு 100இல் வைத்திருக்கிறான். நேற்று மத்தியானம் ஒரு படம் அனுப்பினான்: புதிதாக வாங்கிய வெப்பமானி மேசைமேல் 33 காட்டியது, கீழே "ரொம்பச் சூடு அண்ணா, இன்னிக்குக் கணினியைத் தொடவேண்டாம்னு இருக்கேன்" என்று எழுதியிருந்தான். சன்னலைச் சாத்திவிட்டு இப்போதே நினைவகச் சோதனையைத் தொடங்கு என்று பதில் எழுதினேன்.